தெரிந்தும் ஏன் நடப்பதில்லை: ஒரு நீரிழிவு கிளினிக்கின் கால் பரிசோதனை பற்றி

கேள்வி கேட்டவர் கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையின் நீரிழிவு கிளினிக்கில் வேலை செய்யும் மருத்துவ அதிகாரி. அவர் எழுதியதன் சாரம் இது. கிளினிக்கில் பதிந்த ஒவ்வொருவருக்கும் வருடத்தில் ஒரு தடவையாவது கால் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இரண்டு தடவை விரிவுரை வைத்தாயிற்று, சுவரில் போஸ்டர் ஒட்டியாயிற்று, புதுப் படிவமும் அடித்தாயிற்று. ஆறு மாதம் கழித்துக் கொப்பிகளைப் புரட்டினால் பத்துப் பேரில் நான்கு பேருக்குத்தான் கால் பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறது. முன்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். "சிகிச்சையின் தரத்தை உயர்த்துவது பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? அதில் எங்களுக்கு உதவக்கூடியது ஏதும் உண்டா, இல்லையென்றால் எங்கள் ஆட்களுக்கு அக்கறை விட்டுப்போய்விட்டதா?" என்று முடித்திருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எல்லோரும் அறிந்த ஒரு காரியம் ஏன் நடக்காமல் போகிறது என்பது ஒன்று. நாம் செய்த மாற்றம் பலித்ததா இல்லையா என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது என்பது மற்றது. இந்தத் துறையின் பெரும்பகுதி வேலை இந்த இரண்டுக்குள் அடங்கும்.

அக்கறை பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மனத்தில் அதுதான் அதிகமாக உறுத்துகிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்காவில் 12 நகரப் பகுதிகளில் வாழ்பவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரு வயதுவந்தவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சையில் 54.9 சதவீதம்தான் கிடைத்திருந்தது. பணத்துக்கோ படிப்புக்கோ குறைவில்லாத இடத்திலும் பாதிக்குச் சற்று மேல். இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் அக்கறை இல்லாமல் போயிற்று என்று நம்ப முடியாது. ஒரு வேலை நாள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறதோ, அந்த அடுக்கில் எது எளிதாகக் கைக்கு வருகிறதோ, அதுதான் நடக்கும். கைக்கு எட்டாதது, எவ்வளவு நல்லவர்கள் இருந்தாலும், நடக்காமல் நழுவும்.

ஆகவே முதல் வேலை பார்ப்பது. ஒரு கிளினிக் நாள் காலையில் உங்கள் கதிரையில் இருக்காமல், ஒரு மணிக்கூடும் ஒரு வெறுந்தாளும் எடுத்துக்கொண்டு, ஐந்தாறு நோயாளர்களின் பின்னால், ஒருவர் முடிய மற்றவராக, வாசலிலிருந்து மருந்து வாங்கும் ஜன்னல் வரை போங்கள். எத்தனை மணிக்கு இலக்கம் எடுத்தார், எங்கே எவ்வளவு நேரம் இருந்தார், பிரஷர் யார் பார்த்தது, இரத்தப் பரிசோதனைத் துண்டு எங்கே ஒட்டப்பட்டது, மருத்துவருக்கு முன்னால் எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். இனி மருத்துவர் மேசையைக் கவனியுங்கள். 68 வயது அம்மா ஒருவர் வந்து இருக்கிறார். சேலை, பட்டி வைத்த செருப்பு, முழங்கால் வருத்தம். செருப்பைக் கழற்ற அவர் குனிய வேண்டும், குனிந்தால் மூச்சு வாங்கும். காலை உயர்த்தி வைக்க அங்கே ஸ்டூல் இல்லை. உணர்ச்சி பார்க்கும் நைலோன் இழை தாதி மேற்பார்வையாளரின் அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறது. அடுத்த நோயாளர் ஏற்கெனவே மேசையருகில் கொப்பியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பார்வை நேரம் மொத்தம் நான்கு நிமிடம், கால் பரிசோதனைக்கு மட்டுமே நான்கு நிமிடம் வேண்டும். இந்த இடத்தில் மூன்றாவது விரிவுரை எதை மாற்றும்? காலில் புண் இருக்கிறதா என்று வாயால் கேட்டுவிட்டு மருந்தை எழுதுவதுதான் அந்த மேசையில் இயலக்கூடிய காரியம்.

அடுத்தது வரையறை. "கால் பார்த்தாயிற்று" என்றால் என்ன? ஒருவர் "கால் சரி" என்று எழுதியிருப்பார், இன்னொருவர் மேலால் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதியிருக்கமாட்டார். இரண்டையும் எப்படிக் கணக்கிடுவது என்று எண்ணத் தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டும். நான் சொல்லும் வரையறை நான்கு பகுதி கொண்டது: பாதத்தையும் விரலிடுக்குகளையும் கண்ணால் பார்த்தது, இழையால் உணர்ச்சி சோதித்தது, பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பிடித்துப் பார்த்தது, முடிவில் அபாயப் படிநிலை ஒன்றை எழுதியது. நான்கும் இருந்தால் ஒன்று, ஒன்று குறைந்தாலும் பூச்சியம். அரைப் புள்ளி கொடுக்கத் தொடங்கினால் எண்ணுபவருக்கு எண்ணுபவர் கணக்கு மாறும். இருவர் தனித்தனியாக ஒரே 10 கொப்பிகளை எண்ணிப் பார்த்து, இரண்டு விடைகளும் ஒத்துவந்த பிறகுதான் உண்மையான எண்ணிக்கையைத் தொடங்க வேண்டும். ஒத்துவராவிட்டால் பிழை வரையறையில் இருக்கிறது, அதைத் திருத்துங்கள்.

இழைச் சோதனையைச் சற்று நுணுக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "செய்தாயிற்று" என்று குறித்த பலதும் உண்மையில் செய்யப்படாதவைதான். 10 கிராம் இழையை (வளையும்போது 10 கிராம் அளவு அழுத்தும் இழை) முதலில் நோயாளரின் கையில் தொட்டுக் காட்டுங்கள், எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியட்டும். பிறகு அவர் பார்க்காதபடி, பெருவிரலின் அடியிலும், பெருவிரலுக்கும் சின்னவிரலுக்கும் கீழே உள்ள பாத மேட்டு எலும்புகளின் அடியிலும், தோலுக்கு நேர்செங்குத்தாக வைத்து இழை வளையும் வரை அழுத்தி எடுக்க வேண்டும். வைத்து எடுக்க ஏறத்தாழ 2 செக்கன். காய்த்துப்போன தோலின் மேல் வைக்கக்கூடாது, தோலில் இழுக்கக்கூடாது. ஒவ்வோர் இடத்திலும் மூன்று தடவை கேட்க வேண்டும், அதில் ஒரு தடவை தொடாமலே "இப்போது தொடுகிறதா?" என்று கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு விடை சரியென்றால் அந்த இடத்தில் காக்கும் உணர்ச்சி இருக்கிறது என்று கொள்ளலாம். இழையும் களைக்கும். ஒரே நாளில் 10 முதல் 15 பேருக்குப் பாவித்தால் அதன் விறைப்புத் தளர்ந்துவிடும், அடுத்த 24 மணித்தியாலம் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும், 70 முதல் 90 பேருக்குப் பிறகு மாற்ற வேண்டும் என்று நீரிழிவுக் கால் பற்றிய சர்வதேசப் பணிக்குழுவின் வழிகாட்டல் சொல்கிறது. ஓர் இழையை வருடக்கணக்காக ஓட்டினால் அது எளிதில் வளையும், 10 கிராமுக்கும் குறைவாகவே அழுத்தும், நல்ல காலுக்கும் உணர்ச்சி இல்லை என்று காட்டும். இழை கிடைக்காத வாரத்தில் விரல்நுனிச் சோதனை கைகொடுக்கும்: இரு காலிலும் முதலாம், மூன்றாம், ஐந்தாம் விரல்களின் நுனியை உங்கள் சுட்டுவிரலால் ஒன்றிரண்டு செக்கன் மெல்லத் தொடுங்கள், ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது.

அந்தத் தொடாத கேள்வி கொழும்பில் இன்னொரு வேலையும் செய்யும். கொட்டாஞ்சேனையிலிருந்தோ மட்டக்குளியிலிருந்தோ வந்த தமிழ் அம்மாவிடம் சிங்களத்தில் "தெனெனவாத?" (தெரிகிறதா?) என்று கேட்டால், அவர் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். தமிழ்ப் பகுதி வைத்தியசாலைக்குப் போன சிங்கள நோயாளரும் அப்படித்தான். தொடாதபோதும் "ஓம்" என்று வந்தால், அவர் கேள்வியை விளங்கிக்கொள்ளவில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். இதனால்தான் தரவு சேர்க்கும் தாளில் நோயாளரின் வீட்டு மொழிக்கு ஒரு நிரல் வையுங்கள் என்று வற்புறுத்துகிறேன். கிளினிக் முழுவதற்கும் 60 சதவீதம் என்று ஒரு நல்ல எண் வந்திருக்கும். மொழி வாரியாகப் பிரித்தால் ஒரு பக்கம் 70உம் மறுபக்கம் 40உம் இருக்கலாம். சராசரி என்பது அந்த 40ஐ மறைக்கும் திரை. மருந்து உறையில் எழுதியிருப்பதை வாசிக்க முடிகிறதா, காலைப் பார்த்துக்கொள்ளும் முறையைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்பதையும் அதே நிரலோடு சேர்த்துப் பார்க்கலாம்.

எதை அளப்பது என்பதில் இந்தத் துறை 1966 முதல் ஒரு பிரிவினையைப் பாவிக்கிறது. அவேடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர் எழுதியது: அமைப்பு, செயன்முறை, விளைவு. இழையும் ஸ்டூலும் ஆளும் இருக்கிறதா என்பது அமைப்பு. சோதனை நடந்ததா என்பது செயன்முறை. புண்ணும் விரல் வெட்டுவதும் குறைந்ததா என்பது விளைவு. மேலிடத்தில் எல்லோரும் விளைவைத்தான் கேட்பார்கள், அது நியாயமும்கூட. ஆனால் ஒரு கிளினிக்கில் வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய காலிழப்புகள்தான் நேரும், அவற்றில் பல உங்கள் கிளினிக்குக்கு வராதவர்களுடையவை. அந்த எண் இந்த வருடம் ஏறுவதும் அடுத்த வருடம் இறங்குவதும் பெரும்பாலும் தற்செயல். ஆகவே நல்ல சான்றுள்ள ஒரு செயன்முறையை அளந்து, விளைவைக் கூடவே வருடக்கணக்கில் பதிந்துவருவதுதான் வழி. இவற்றோடு மூன்றாவதாக ஓர் எதிரெடை அளவையும் வேண்டும்: கடைசி நோயாளர் எத்தனை மணிக்கு வெளியேறுகிறார்? கால் பரிசோதனை கூடி, எல்லோரும் ஒரு மணித்தியாலம் பிந்தி வீடு போனால், இரண்டே மாதத்தில் அந்தத் திட்டத்தை ஊழியர்களே கைவிட்டுவிடுவார்கள்.

இப்போது எண்களைப் பற்றி. கிளினிக் நாளொன்றுக்கு 20 கொப்பிகள் போதும், ஆனால் மேலே இருக்கும் 20 கூடாது. மேலே இருப்பவை விடியற்காலையில் வந்தவர்களுடையவை, அவர்கள் வேறு வகையான ஆட்கள். 160 பேர் வந்தால் ஒவ்வோர் எட்டாவது கொப்பியையும் எடுங்கள். அடுத்தது பலர் சறுக்கும் இடம். கிளினிக்கின் உண்மையான நிலை 40 சதவீதமாகவே மாறாமல் இருந்தாலும், 20 கொப்பிகளில் ஒரு வாரம் 4 வரும், இன்னொரு வாரம் 12 வரும். அதாவது ஒன்றுமே செய்யாமல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு "முன்னேற" முடியும். முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை என்று எண்ணிவிட்டு வெற்றி என்று அறிவிக்கும் கணக்காய்வுகளில் பல இந்தக் குழியில் விழுந்தவை. நீங்கள் ஆறு மாதம் கழித்து எண்ணி ஒன்றும் மாறவில்லை என்று சொன்னதும் அதே குழிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இடையில் ஏறி மறுபடி இறங்கியிருந்தால் உங்களுக்குத் தெரிய வழியில்லை.

அதற்கு மருந்து ஒரு சதுரக்கோட்டுத் தாள். 1924இல் வோல்டர் ஷூஹார்ட் அமெரிக்காவில் தொழிற்சாலை உற்பத்திக்காக வரைந்த கட்டுப்பாட்டு வரைபின் எளிய உறவினர் இது. கிடையாக வாரங்கள், நிலைக்குத்தாகச் சதவீதம், ஒவ்வொரு வாரமும் ஒரு புள்ளி. 10 முதல் 12 புள்ளிகள் சேர்ந்ததும் அவற்றின் இடையத்தை, அதாவது சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் நடுவில் வரும் எண்ணைக் கண்டு ஒரு கோடு போடுங்கள், அந்தக் கோட்டை அப்படியே முன்னோக்கி நீட்டுங்கள். அதன் பிறகு வரும் புள்ளிகளில் 6 அல்லது அதற்கு மேற்பட்டவை தொடர்ந்து கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால், அல்லது 5 புள்ளிகள் தொடர்ந்து ஏறினாலோ இறங்கினாலோ, ஏதோ உண்மையாக மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். கோட்டின் மேலேயே விழும் புள்ளியை முதல் விதியில் எண்ணாமல் தாண்டிவிடுங்கள். கணினி தேவையில்லை. தாதியரின் ஓய்வறைச் சுவரில் பென்சிலால் வரைந்த தாள், பணிப்பாளரின் அறையில் காட்டும் வண்ணப் படங்களைவிட அதிகம் வேலை செய்யும், ஏனென்றால் வேலையைச் செய்பவர்கள் அதை வாராவாரம் பார்க்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: "கடந்த 12 மாதத்தில் கால் பார்த்தவர்கள்" என்ற அளவை இயல்பிலேயே மெதுவாகத்தான் நகரும், வருடம் முழுவதும் சேர்ந்துதான் அது நிரம்பும். மாற்றத்தை விரைவாகக் காண "இன்று வந்தவர்களில் இன்று பார்த்திருக்க வேண்டியவர்கள் எத்தனை, அவர்களில் பார்த்தது எத்தனை" என்று எண்ணுங்கள்.

இனி மாற்றம். இங்கே ஒரு சிறு கணக்கு எல்லாவற்றையும் திறக்கும். 900 பேர் பதிந்திருக்கிறார்கள், கிளினிக் வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஒரு தடவை என்றால் மாதத்துக்கு 75 பேர், கிளினிக் நாளுக்கு சுமார் 19 பேர். ஒருவருக்கு 4 நிமிடம் என்றால் 76 நிமிடம். 160 பேருக்கும் கால் பார்க்க வேண்டும் என்று நினைக்கும்போது அது மலை. 19 பேர் என்று தெரியும்போது, வரிசையில் காத்திருக்கும் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள், மருத்துவரிடம் போகுமுன், பயிற்சி பெற்ற ஒரு தாதி ஒரு மூலையில் முடிக்கக்கூடிய வேலை. எந்த 19 பேர்? பிறந்த மாதத்தைக் கொண்டு பிரிப்பது எளிது. பிறந்த திகதி கொப்பியில் இல்லாவிட்டாலும் அடையாள அட்டை இலக்கத்திலேயே இருக்கிறது: பிறந்த ஆண்டுக்குப் பின்னால் வரும் 3 இலக்கங்கள் அவர் வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்று சொல்லும், பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். மாத எண்ணைக் கொப்பி அட்டையில் பெரிதாக எழுதிவிட்டால், இலக்கம் கொடுக்கும் சிற்றூழியரே பார்த்து, "ஐயா, உங்களுக்கு இன்றைக்குக் கால் பார்க்கிற நாள், அந்தப் பக்கம் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு இருங்கோ" என்று அனுப்பிவிடலாம். மருத்துவரின் ஞாபகத்தில் தொங்கிக்கொண்டிருந்த காரியம் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

இதை ஒரேயடியாக 900 பேருக்கும் அறிவிக்காதீர்கள். முதல் கிளினிக் நாளில் ஒரு தாதி, ஒரு கதிரை, ஒரு ஸ்டூல், 5 நோயாளர்கள். நேரம் எவ்வளவு போயிற்று, எங்கே சிக்கியது என்று அன்றே எழுதுங்கள். சிக்கும் இடங்களை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். கால் பார்க்கப் போனால் வரிசையில் இடம் போய்விடும் என்று நோயாளர் பயப்படுவார், அதற்குக் கொப்பியில் ஒரு முத்திரை குத்தி இடத்தை உறுதிசெய்ய வேண்டும். பெண்கள் எல்லோர் முன்னாலும் காலை நீட்டக் கூச்சப்படுவார்கள், ஒரு திரை வேண்டும். அந்த மாதம் மருந்தை மகன் வந்து வாங்கிக்கொண்டு போயிருப்பார், ஆகவே தவறியவரின் மாத எண்ணை அடுத்த மாதத்துக்குத் தள்ளும் ஒழுங்கு வேண்டும். இவற்றைத் திருத்திக்கொண்டு இரண்டாம் வாரம் 10 பேர், மூன்றாம் வாரம் முழு 19. திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்று பயிற்சி வகுப்புகளில் வட்டம் வரைந்து காட்டுவது இதைத்தான். வட்டத்தை வரைபவர்கள் பலர், அதில் "ஆராய்" என்ற கால்வாசியைத் தாண்டிக் குதிப்பவர்களும் பலர்.

பிறந்த மாத ஏற்பாடு எல்லோருக்கும் பொருந்தாது. மேலே சொன்ன சர்வதேச வழிகாட்டலின்படி உணர்ச்சியும் இரத்தோட்டமும் நன்றாக இருப்பவருக்கு வருடத்துக்கு ஒரு தடவை போதும். இரண்டில் ஒன்று குறைந்தவருக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு தடவை. இரண்டும் குறைந்தவருக்கும், ஒரு குறையோடு பாத வடிவமும் மாறியவருக்கும் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை. உணர்ச்சியோ இரத்தோட்டமோ குறைந்து, அதோடு முன்பு புண் வந்தவர், ஒரு பகுதி வெட்டப்பட்டவர், சிறுநீரகம் செயலிழந்தவர் என்றால் 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு தடவை. இவர்களின் கொப்பியில் வேறு நிற ஸ்டிக்கர் இருக்க வேண்டும், இவர்கள் எந்த மாதம் வந்தாலும் அந்த மூலைக்குப் போக வேண்டும். ஆகவே 19 என்ற எண் சில மாதங்களில் ஏறும், அதற்கு இடம் வைத்துத் திட்டமிடுங்கள். உணர்ச்சி குறைந்தவர்களிடம் சொல்லவேண்டியதும் ஊருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். "வெறுங்காலோடு நடக்காதீர்கள்" என்றால் தலையாட்டுவார்கள், ஆடிவேல் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவிலிருந்து வெயிலில் நடப்பது அவர்களுக்கு அந்தக் கணக்கில் சேராது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகு என்ன செய்வது, தார் வீதி சுடும் நேரத்தில் எங்கே நிற்பது, திரும்பி வந்ததும் பாதத்தைக் கண்ணாடியில் எப்படிப் பார்ப்பது என்று சொன்னால்தான் அது அறிவுரை.

எது உறுதி, எது ஐயம் என்று இப்போது பிரிக்கிறேன். கணக்காய்வு செய்து, அதாவது இப்படிக் கொப்பிகளை எண்ணி, அதன் முடிவை வேலை செய்பவர்களுக்குத் திருப்பிச் சொல்வது பலன் தரும் என்பது உறுதி, ஆனால் பலன் சிறியது. 2012இல் 140 சோதனைகளைத் திரட்டிப் பார்த்த தொகுப்பு ஒன்றில் சரியான நடைமுறை கூடியது இடையக் கணக்கில் 4.3 சதவீதப் புள்ளிகள். தொடக்க நிலை தாழ்வாக இருந்தபோதும், சொல்பவர் மேலதிகாரியாகவோ சக ஊழியராகவோ இருந்தபோதும், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை, வாயாலும் எழுத்தாலும், இலக்கோடும் அடுத்து என்ன செய்வது என்ற திட்டத்தோடும் சொன்னபோது பலன் கூடியது. விரிவுரைகளும் கூட்டங்களும் பற்றிய 2009 தொகுப்பில் ஏறத்தாழ 6 சதவீதப் புள்ளிகள், சிக்கலான நடத்தைகளில் பலன் தெரியவில்லை. ஆக உங்கள் இரண்டு விரிவுரைகள் வீண் என்று நான் சொல்லவில்லை. அவற்றால் நகர்த்த முடிவதைவிடப் பெரிய சுமையை நீங்கள் அவற்றின் தலையில் வைத்துவிட்டீர்கள்.

ஐயம் உள்ள பகுதி, புகழ்பெற்ற வெற்றிகளை அப்படியே கொண்டுவந்து நடுவது. மிச்சிகனில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மைய நாளக் குழாயால் (இதயத்துக்கு அருகே பெரிய நாளத்துக்குள் வைக்கும் குழாய்) வரும் தொற்று 1,000 குழாய் நாட்களுக்கு 2.7 என்ற இடையத்திலிருந்து மூன்று மாதத்தில் பூச்சியத்துக்கு வந்தது என்று 2006இல் வெளியிட்டார்கள். அதில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது ஐந்து வரிச் சரிபார்ப்புப் பட்டியலை. அதோடு தேவையான பொருள்களெல்லாம் ஒரே தள்ளுவண்டியில் இருந்தன, ஒரு படி தவறினால் மருத்துவரையே நிறுத்தும் உரிமை தாதிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பின்னர் இங்கிலாந்து அதைப் பின்பற்றியபோது தொற்று குறைந்தது, ஆனால் திட்டம் இன்னும் தொடங்காத பிரிவுகளிலும் அது குறைந்துகொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் எவ்வளவு திட்டத்தால், எவ்வளவு காலப்போக்கால்? சத்திரசிகிச்சையின்போது பாவிக்கும் சரிபார்ப்புப் பட்டியலும் அப்படியே. 2009இல் வெளியான ஆய்வில் எட்டு நகர்களின் எட்டு வைத்தியசாலைகளில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. 2014இல் வெளியான ஆய்வில், கனடாவின் ஒன்டாரியோவில் 101 வைத்தியசாலைகள் அதை நடைமுறைப்படுத்தியபோது 0.71இலிருந்து 0.65, நிச்சயமாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. நமக்கு அருகில் உத்தரப் பிரதேசத்தில் 120 பிரசவ நிலையங்களில் நடந்த பெரிய சோதனை 2017இல் வெளிவந்தது. பயிற்சியாளர்கள் பக்கத்தில் நின்று ஊக்கியபோது பிரசவ நடைமுறைகள் தெளிவாக முன்னேறின, தாய்க்கும் சேய்க்கும் நேரும் இறப்பும் பெருந்தீங்கும் குறையவில்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் மதிப்புள்ள முடிவுகளில் அது ஒன்று. செயன்முறை உயர்ந்தால் விளைவும் தானாக உயரும் என்று நாம் நம்பியிருப்பதை அது நேராகக் கேள்வி கேட்கிறது. உங்கள் கால் பரிசோதனைக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்: புண்ணைக் கண்டுபிடித்தபின் அவரை அனுப்ப இடமில்லையென்றால் பரிசோதனை எண்கள் ஏறும், கால்கள் போய்க்கொண்டேயிருக்கும்.

இலங்கைக்கு இந்த வேலை புதிதல்ல. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டளவில் ஜப்பானிய 5எஸ் முறையை (வேண்டாததை அகற்றி, வேண்டியதை அதனதன் இடத்தில் வைத்து, சுத்தமாக வைத்து, அதை வழக்கமாக்கும் முறை) தொடங்கி, அது நாடு முழுதும் பரவி, ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் வந்து பார்த்துப் போனார்கள். பொருள் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பது உயிரைக் காக்கும், அந்த இழை பூட்டிய அலுமாரியில் இல்லாமல் ஸ்டூலருகில் தொங்குவதும் 5எஸ்தான். ஆனால் அலுமாரிக்கு லேபல் ஒட்டியதோடு சிகிச்சையின் தரம் உயர்ந்துவிட்டது என்று கொள்ளக்கூடாது, அது அமைப்பு, செயன்முறையைத் தனியே அளக்க வேண்டும். இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது தாய் மரண மீளாய்வு. ஒவ்வொரு தாய் மரணத்தையும் அறிவித்து, களத்திலும் வைத்தியசாலையிலும் தேசிய மட்டத்திலும் ஏன் நடந்தது என்று பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறோம். யாரைத் தண்டிப்பது என்று கேட்பதற்காக அந்த மேசை போடப்படவில்லை. இரத்தம் ஏன் பிந்தியது, அம்புலன்ஸ் ஏன் பிந்தியது, யார் யாருக்குச் சொல்லவில்லை என்று கேட்பதற்காகவே போடப்பட்டது. அந்தக் கேள்வி கேட்கும் பழக்கத்தை ஒரு நீரிழிவு கிளினிக் தன் அடுத்த காலிழப்புக்குப் பாவிக்கலாம்.

பிழைத்துப்போகும் வழிகள் சிலவற்றையும் சொல்ல வேண்டும். சதவீதத்தை வைத்து ஆளைத் திட்டத் தொடங்கிய வாரத்திலிருந்து பெட்டிகளில் சரி அடையாளம் கூடும், பரிசோதனை கூடாது. அதைப் பிடிக்க, மாதம் ஒரு தடவை ஐந்து நோயாளரிடம் "உங்கள் செருப்பைக் கழற்றச் சொன்னார்களா?" என்று வெளியே வைத்துக் கேளுங்கள். படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டினால் மூன்றாம் வாரம் யாரும் நிரப்பமாட்டார்கள். முன்னின்று நடத்தியவர் வருடாந்த இடமாற்றத்தில் போனதும் எல்லாம் நின்றுவிடும், ஆகவே தொடக்கத்திலிருந்தே இரண்டு பேர், அதில் ஒருவராவது தாதி. ஆளே இல்லாத இடத்தில் இந்த முறைகள் ஆளைப் படைக்காது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 2022இல் மருந்தும் உபகரணமும் தட்டுப்பட்டபோது எந்த வரைபாலும் அவற்றை வரவழைக்க முடியவில்லை. அப்படிப்பட்ட குறையை எண்ணோடு எழுதி மேலே அனுப்புவதுதான் அப்போது செய்யக்கூடியது: 19 பேர் வரவேண்டிய நாளில் 11 பேரைத்தான் பார்க்க முடிந்தது, காரணம் தாதி இரண்டு வாட்டுக்கும் பொறுப்பு.

இதைப் பின்னால் எங்காவது வெளியிடும் எண்ணம் இருந்தால், முதல் கொப்பியைத் திறக்குமுன் நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் கேளுங்கள். சேர்த்து முடித்தபின் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. உள்ளகக் கணக்காய்வு மட்டுமென்றாலும் வைத்திய நிபுணரின் சம்மதமும் பணிப்பாளரின் எழுத்து அனுமதியும் வேண்டும். தர முகாமைத்துவப் பிரிவு இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரவுத் தாளில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டாம், ஒரு தொடரிலக்கம் போதும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைத் தனிக் கவனத்துக்குரியதாக வைக்கிறது. கொப்பிப் பக்கங்களை வட்ஸ்அப் குழுவில் படமெடுத்துப் போடும் வழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்.

முதல் 5 பேரை அந்த ஸ்டூலில் இருத்துவதற்கு முந்திய நாள் ஒரு காரியம் முடிந்திருக்க வேண்டும். சிவந்து வீங்கிய அல்லது கறுத்த அல்லது குளிர்ந்துபோன கால் ஒன்று கண்ணில் பட்டால் அன்றே எந்த வாட்டில் அனுமதிப்பது, தொற்றில்லாத புண் என்றால் எந்தக் கிழமை எந்தக் கிளினிக்குக்கு அனுப்புவது, புண் கட்ட யார், பாதணிக்கு எங்கே என்று, பெயரும் உள்ளக இலக்கமும் போட்டு, அரைத் தாளில், இரண்டு மொழியிலும் எழுதி அந்த மூலைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பிறகு தாதியிடம் அதைக் கொடுத்து ஒரு தடவை எல்லா இலக்கங்களுக்கும் அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் எடுக்காத இலக்கம் ஒன்றாவது இருக்கும், அதை நோயாளர் வருமுன் மாற்றிவிடலாம்.